அளவுக்கு ஒரு கை

லிஃப்ட் பழுது பார்க்கிறவன் நான்.
ருஸ்தாவியில் எங்கள் வட்டாரத்துப் பதினோரு கட்டடங்களிலும்
காசு போட்டால்தான் பெட்டி மேலே ஏறும்.
இருபது தெத்ரி விழும் சத்தத்தை வைத்தே
எந்த மாடியில் எது மக்கர் செய்கிறதென்று சொல்லிவிடுவேன்.
என் தொழிலில் பார்க்க ஒன்றுமில்லை.
இருட்டுக் குழிக்குள் காதை வைத்தால் போதும்.

ஐம்பத்தோராவது வயதில் கேமரா வாங்கினேன்.
திபிலீசியின் உலர்பாலத்துச் சந்தையில்
பதக்கங்களுக்கும் பல் பிடுங்கும் இடுக்கிகளுக்கும் நடுவே
பட்டை அறுந்து கிடந்தது.
மக்வாலா விலை கேட்டாள்.
பாதியைச் சொன்னேன்.
அந்தப் பாதிக்கே மூன்று நாள் பேசவில்லை.

முதல் வாரம் முழுக்க என் கட்டைவிரல்.
இரண்டாம் வாரம் தெருநாய்களின் பின்பாதி;
முன்பாதி அதற்குள் எங்கோ போய்விட்டிருந்தது.
எண் கூடக் கூடத் துளை சிறுக்குமாம்.
எந்த மடையன் போட்ட கணக்கோ!
எனக்குத் தெரிந்து எண் ஏறினால் மாடி ஏறும்,
அவ்வளவுதான்.

பனி உருகித் தெருவெல்லாம் சேறான ஒரு ஞாயிறு
ஒன்பதாம் கட்டடத்தின் பால்கனிகளுக்கு எதிரே நின்றேன்.
சாய்ந்த வெயில்
கொடியில் தொங்கிய ஒவ்வொரு துணிக்கும்
சுவரில் இன்னொரு துணி காயப்போட்டிருந்தது.
ஜன்னல்கள் திறந்தன.
"நகராட்சியா?"
நான்தான், லிஃப்ட்காரன், தெரியவில்லையா என்று கத்தினேன்.
நம்பவில்லை.
மூன்றாம் மாடி சியூரி உள்ளாடைகளை உருவிக்கொண்டு ஓடினாள்;
மறுநாள் அதே கொடியில் திரைச்சீலை,
இஸ்திரி போட்டது.
அனுமதியில்லாமல் பால்கனியை அறையாக்கிய ஒருவன்
வீட்டில் வடித்த சாச்சாவோடு வந்து
ஐயா போட்டுக் கூப்பிட்டான்.
குப்பியை வாங்கிக்கொண்டேன்.
பொய் சொல்வானேன்.

ஓதாரி மட்டும் எதையும் மறைக்கவில்லை.
கையைப் பிடித்து நான்காம் மாடிக்குக் கூட்டிப் போனான்,
லிஃப்டுக்குக் காசையும் அவனே போட்டான்.
படுக்கையறைச் சுவர்.
ஜன்னல் மூலையில் கிளம்பி
கட்டில் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே நின்றுபோன
ஒரு விரிசல்.
"எடு. அளவுக்கு என் கையை வைக்கிறேன்."
வைத்தான்.
உருக்காலையில் இரண்டு விரலை விட்டுவிட்டு வந்த கை.
எடுத்தேன்.
என் வாழ்க்கையில் ஆடாமல் விழுந்த முதல் படம்.

அனுப்பிவிட்டாயா என்றான், ரொட்டிக்கடை வரிசையில்.
அனுப்பினாயா என்றான், மூடிக்கொண்டிருந்த லிஃப்ட் கதவிடுக்கில்.
எங்கே அனுப்ப?
பொழுதுபோக்கு என்ற சொல்லை
அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை.
காசுப்பெட்டியில் சிக்கிய வளைந்த நாணயமாய்
உள்ளேயும் போகாமல், திரும்பியும் விழாமல்
அது தொண்டையிலேயே கிடந்தது.

கடைசியில் அசல் அளவுக்கே அச்சடித்து
சுருட்டி எடுத்துப்போனேன்.
"இவ்வளவுதான் முடிந்தது, ஓதாரி.
எனக்கு மேலே மாடி கிடையாது."
வெகுநேரம் பார்த்தான்.
திட்டப்போகிறான் என்று கதவுப் பக்கம் நகர்ந்தேன்.
"கை நன்றாக வந்திருக்கிறது" என்றான்.

பிறகு நான்கு ஆணி, ஒரு சுத்தியல்.
விரிசலின் மேலேயே மாட்டினான்,
கோட்டுக்குக் கோடு பொருந்த.
அரை விரல் இடப்பக்கம் என்றேன்.
நகர்த்தினான்.
ஆணி இறங்கிய அதிர்வில் கொஞ்சம் காரை உதிர்ந்தது.
அதைப் பார்க்காத மாதிரி இருவரும்
அந்தக் குப்பியைக் காலி செய்தோம்.

ஆகஸ்டில் ஆள் அனுப்பினான்.
படத்தின் கீழ்விளிம்பைத் தாண்டி
ஒரு சாண் வெளியே வந்திருந்தது விரிசல்.
ஓதாரி சட்டை மாற்றியிருந்தான்.
சுவரில் கையை வைத்தபடி
"உன் படம் சின்னதாகிவிட்டது" என்றான்,
"சீக்கிரம் எடு."